வைத்தியசாலைத் தூய்மை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. செமல்வைஸ், நைற்றிங்கேல், லிஸ்ரர், பாஸ்ரர், கொக் ஆகிய பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிட்டால் வைத்தியசாலைத் தொற்றினை மனிதன் வென்ற கதை நிறைவுற்றதெனக் கருதும் மரபு இன்றும் வலுவாகவுள்ளது. இப்பெரியோரின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும், நோயாளர் விடுதியின் தரையைக் கழுவியோர், கட்டிலையும் மேசையையும் துடைத்தோர், இரத்தமும் சீழும் படிந்த துணிகளை அவித்து வெளுத்தோர் ஆகியோரின் உழைப்பு அவ்வரலாற்றிலே எங்கே இடம்பெறுகின்றது என்ற வினாவை எழுப்புதல் அவசியமாகின்றது.

நோயாளர் தங்கும் இடங்களைத் துப்புரவு செய்தலும் தொற்றுநீக்கலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு காலத்தில் அடைந்த மாற்றங்களை, ஐரோப்பாவை, குறிப்பாகப் பிரித்தானியாவை, மையமாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகின்றது. தொற்றுப் பற்றிய அறிவு வளர்ந்த வேகத்தில் துப்புரவு உழைப்பின் சமூக மதிப்பு வளரவில்லை. அறிவும் உழைப்பும் ஒன்றையொன்று விட்டு விலகிய காலங்களில் நோயாளரே அதற்கான விலையைச் செலுத்தினர் என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

முதற்கண் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் நன்று. துப்புரவு என்பது தூசி, அழுக்கு, உடற்கழிவு ஆகியவற்றை நீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்து அகற்றுதலாகும். தொற்றுநீக்கல் என்பது எஞ்சியுள்ள நுண்ணுயிர்களை இரசாயனப் பொருளாலோ வெப்பத்தாலோ அழித்தல் அல்லது தீங்கற்ற அளவிற்குக் குறைத்தலாகும். முன்னது நிகழாதவிடத்துப் பின்னது முழுப்பயன் தருவதில்லை. இரத்தமும் மலமும் படிந்த பரப்பிலே ஊற்றப்படும் குளோரீன் கரைசலின் பெரும்பகுதி அவ்வழுக்குடன் தாக்கமுற்றே செலவாகிவிடும்; கிருமியை அழிப்பதற்கு எஞ்சுவது சிறிதே. எனவே எத்துணை வீரியமான தொற்றுநீக்கியும் தேய்த்துக் கழுவும் கைக்கு மாற்றீடாக அமையாது. பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

2. கிருமிக் கொள்கைக்கு முற்பட்ட காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வைத்தியசாலை பெரிதும் வறியோருக்கான புகலிடமாகவே விளங்கிற்று. வசதிபடைத்தோர் தம் இல்லங்களிலேயே சிகிச்சை பெற்றனர். பாரிசு நகரத்து ஒத்தல் தியு வைத்தியசாலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஜாக் தெனோன் என்னும் சத்திரவைத்தியர் பாரிசின் வைத்தியசாலைகள் பற்றி 1788ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கைகள், ஒரே கட்டிலில் நால்வரும் அதற்கு மேற்பட்டோரும் படுக்கவைக்கப்பட்டதனையும், இறந்தவரும் உயிருள்ளவரும் ஒரே படுக்கையிற் கிடந்ததனையும் பதிவுசெய்துள்ளன. அங்கு அனுமதிக்கப்பட்டோரில் நால்வர் அல்லது ஐவருக்கு ஒருவர் வீதம் இறந்தனரென அவர் கணக்கிட்டார்.

அக்காலத்தில் நோய்க்குக் காரணம் அழுகற் பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே என்னும் கொள்கை மேலோங்கியிருந்தது. இது விஞ்ஞானரீதியிற் பிழையானது. ஆயின், நாற்றத்தை அகற்றவேண்டுமென்ற முனைப்பு அழுக்கை அகற்றும் செயலுக்கு இட்டுச்சென்றமையால், பிழையான கொள்கையும் சில வேளைகளிற் சரியான நடைமுறையைத் தோற்றுவித்தது. இதனைப் பிரான்சிய மருந்தியலாளரான அன்ருவான் லபராக்கின் பணியிற் காணலாம். விலங்குகளின் குடலைப் பதப்படுத்தி இசைக்கருவிகளுக்கான நரம்பு முதலியவற்றைச் செய்த தொழிற்கூடங்களின் நாற்றம் தொழிலாளரால் தாங்கமுடியாததாக இருந்தது. இதற்குத் தீர்வு காண்போருக்குப் பரிசிலொன்று அறிவிக்கப்பட்டது. அதனை முன்னிட்டு ஆராய்ந்த லபராக், குளோரீன் சேர்ந்த சுண்ணாம்பு, சோடா ஆகியவற்றின் கரைசல்கள் அழுகலைத் தடுப்பதனை 1820களில் எடுத்துக்காட்டினார். அக்கரைசல்கள் விரைவிலேயே பிணவறைகளுக்கும் மலகூடங்களுக்கும் வைத்தியசாலை விடுதிகளுக்கும் சென்றன. இன்றும் வைத்தியசாலைகளிற் பயன்படும் குளோரீன் தொற்றுநீக்கிகளின் பரம்பரை, இவ்வாறு தாழ்வாகக் கருதப்பட்ட ஒரு தொழிற்கூடத்திலேயே தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிரசவக் காய்ச்சல் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குக் காவப்படுகின்றது என்ற கருத்தும் இக்காலத்திலேயே எழுந்துவிட்டது. ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோர்டன் 1795ஆம் ஆண்டில், அந்நோயை வைத்தியர்களும் மருத்துவிச்சிகளுமே காவிச்செல்கின்றனர் எனத் துணிந்து எழுதினார். தாமும் அவ்வாறு காவியவர் என்பதை ஒப்புக்கொண்டதோடு, நோயாளரின் ஆடைகளையும் படுக்கைத் துணிகளையும் எரித்தல் அல்லது புகையூட்டித் தூய்மைசெய்தல் வேண்டுமென்றும் வற்புறுத்தினார். அமெரிக்காவில் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் இதையொத்த கருத்தை முன்வைத்தார். வைத்திய சமூகம் இவ்விருவரையும் வரவேற்கவில்லை. நோய்க்குக் காரணம் தம் கைகளே என்பதை ஏற்பது, மதிப்புமிக்க ஒரு தொழிற்குழுவினர்க்கு எளிதாக இருந்திராது.

3. வியன்னா: கையும் விரிப்பும்

இப்பின்னணியிலேயே இக்னாஸ் செமல்வைசின் பணியை நோக்கவேண்டும். வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாம் பிரிவில் மருத்துவ மாணவரும் இரண்டாம் பிரிவில் மருத்துவிச்சி மாணவியரும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதலாம் பிரிவிற் பிரசவித்த தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் பிரிவில் இது நூற்றுக்கு 3 பேரினும் குறைவாகவே இருந்தது. முதலாம் பிரிவிற் சேர்க்கப்படாதிருக்க ஏழைப் பெண்கள் மன்றாடினர். அவர்கள் புள்ளிவிபரம் அறியாதவர்கள். ஆயினும் அவ்விரு பிரிவுகளுக்குமிடையேயான வேறுபாட்டை வைத்தியருக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிணப்பரிசோதனையின்போது மாணவனொருவனின் கத்தி பட்டுக் காயமுற்ற பேராசிரியர் கொலெற்ஷ்கா இறந்தார். அவருடலிற் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் மாண்ட பெண்களின் உடலிற் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்று விடுதிக்கு வரும் மாணவரின் கைகளே நோயைக் காவுகின்றன என்று செமல்வைஸ் முடிவுசெய்தார். அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து குளோரீன் கரைசலிற் கைகழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. குளோரீன் நீரின் விலை அதிகமாயிருந்தமையால், சிறிது காலத்தின் பின் மலிவான வெளிற்றுந் தூள் அதனிடத்தைப் பெற்றது. ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு வீதம் யூனில் 2 அளவிற்கு வீழ்ந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதற்குமான வீதம் நூற்றுக்கு 1.3 அளவிலேயே அமைந்தது.

செமல்வைசின் வரலாறு வழமையாக இவ்விடத்திற் கைகழுவுதலோடு நிறுத்தப்படுகின்றது. அதன் பிற்பகுதியே எமது பொருளுக்கு மேலும் நெருக்கமானது. 1855இல் பெஸ்ற் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், கைகழுவுதல் நடைமுறையிலிருந்தும் தம் விடுதியில் மீண்டும் நோய் தலைகாட்டியதைக் கண்டார். அதற்குக் காரணம், முன்னைய நோயாளரின் இரத்தமும் கழிவும் படிந்த படுக்கை விரிப்புகள் செம்மையாக வெளுக்கப்படாது மீண்டும் விரிக்கப்பட்டமையே என அவர் கண்டறிந்தார். தூய விரிப்புகளுக்காக நிர்வாகத்தோடு அவர் போராடவேண்டியிருந்தது. கை தூயதாயினும் கட்டில் தூயதாகாவிடின் நோய் அகலாது என்ற பாடம் இவ்வாறு கற்கப்பட்டது. அவருடைய பெருநூல் 1861இல் வெளிவந்தது. போதிய ஏற்பினைப் பெறாமலே, 1865ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மனநோய் விடுதியொன்றில் அவர் இறந்தார்.

4. ஸ்குற்றாரி: யார் கழுவினர்?

கிரிமியப் போரின்போது பிரித்தானியப் படையினருக்கென ஸ்குற்றாரியில் நிறுவப்பட்ட வைத்தியசாலைக்குப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 தாதியருடன் 1854ஆம் ஆண்டு நவம்பரில் வந்துசேர்ந்தார். அவருடைய வருகையுடனேயே இறப்பு வீதம் வீழ்ச்சியுற்றதெனப் பரவலாக நம்பப்படுகின்றது. உண்மையில் அடுத்து வந்த மாதங்களில் நிலைமை மேலும் மோசமடைந்தது. 1855 பெப்ருவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் வரையில் இறந்தனர். போர்க்காயத்தால் இறந்தோரிலும் பேதி, காய்ச்சல் முதலியவற்றால் இறந்தோரே மிகப் பலராவர்.

1855 மார்ச்சில், ஜோன் சதலண்ட், றொபேட் றோலின்சன் முதலியோரைக் கொண்ட சுகாதார ஆணைக்குழு அங்கு வந்தது. அப்பெருங் கட்டடம் அடைபட்ட கழிவுக்கால்களின்மேல் நின்றதையும் அதன் சுவர்களிலே கழிவு ஊறியிருந்ததையும் அவர்கள் கண்டனர். கழிவுக்கால்கள் துப்புரவு செய்யப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, நீர்வழிகள் சீர்செய்யப்பட்டன, காற்றோட்டம் ஏற்படுத்தப்பட்டது. முதலிரு வாரங்களில் மாத்திரம் 556 கைவண்டிகளும் பெருங்கூடைகளும் நிறையக் குப்பை அகற்றப்பட்டதாகவும் இறந்த விலங்குகள் 26 புதைக்கப்பட்டதாகவும் பதிவுண்டு. யூன் மாதமளவில் இறப்பு வீதம் நூற்றுக்கு 2 என்ற அளவிற்கு வந்தது.

நைற்றிங்கேலின் மேன்மை, இவ்வுண்மையைப் பின்னாளிற் புள்ளிவிபரங்களின் துணைகொண்டு தாமே உணர்ந்து உலகுக்கு உரைத்தமையில் தங்கியுள்ளது. வைத்தியசாலைகள் பற்றியும் தாதியியல் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், துப்புரவையும் காற்றோட்டத்தையும் மருத்துவப் பராமரிப்பின் அடிப்படையாக்கின. தொற்றுக் கொள்கையை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 

ஆயின் அக்கழிவுக்கால்களில் இறங்கியோர் யார்? குப்பை வண்டிகளைத் தள்ளியோர் யார்? ஆணையாளரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துள்ளன. அவர்தம் பணிப்பின்படி உழைத்த கூலியாட்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. நோயாளரின் துணிகளை வெளுப்பதற்காக நைற்றிங்கேல் வீடொன்றை வாடகைக்கமர்த்திக் கொதிகலன்களைப் பொருத்தியபோது, அங்கு வேலைசெய்தோர் படைகளைப் பின்தொடர்ந்து வந்து ஆதரவற்றுக் கிடந்த சாதாரணப் படைவீரரின் மனைவியராவர். கையில் விளக்குடன் விடுதியைச் சுற்றிவந்த சீமாட்டியின் உருவம் மக்கள் மனதிற் பதிந்த அளவிற்கு, கொதிநீரிலே துணி தோய்த்த இப்பெண்களின் உருவம் பதியவில்லை. 

5. கிளாஸ்கோ: துப்புரவா, தொற்றுநீக்கியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சத்திரசிகிச்சை பெற்றோருக்கு வைத்தியசாலையே பெரும் ஆபத்தாக இருந்தது. எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1869இல் வெளியிட்ட ஒப்பீடு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. பெரிய வைத்தியசாலைகளில் அவயவம் துண்டிக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்தனர். நாட்டுப்புறத்திலே தம் இல்லங்களில் அதே சிகிச்சை பெற்ற 2,098 பேரில் இறந்தோர் 226 பேர் மட்டுமே. வைத்தியசாலை தானே ஒரு நோயாகிவிட்டது என்பது அவர் கொண்ட முடிவு.

கிளாஸ்கோ அரச வைத்தியசாலையில் ஜோசப் லிஸ்ரர் இதற்கு வேறொரு விடை கண்டார். நொதித்தல், அழுகல் ஆகியன நுண்ணுயிர்களால் நிகழ்கின்றன எனப் பாஸ்ரர் நிறுவியதை அறிந்த அவர், காயத்துள் அவை புகாது தடுக்க முனைந்தார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் காபோலிக் அமிலம் கார்லைல் நகரத்திற் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கப் பயன்பட்டமையே அவருக்கு வழிகாட்டிற்று. 1865ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி, வண்டிச் சில்லேறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனொருவனின் காயத்தில் அதனை இட்டுக் குணப்படுத்தினார். இம்முறைக்கு முன் அவர் அவயவம் துண்டித்த 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். பின் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

1870இல் எழுந்த விவாதமொன்று எமது கவனத்துக்குரியது. தம் விடுதியின் அருகே, நிலத்தின் கீழ்ச் சில அங்குல ஆழத்தில் 1849ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டோரின் பெட்டிகள் புதைந்திருந்ததைச் சுட்டிக்காட்டிய லிஸ்ரர், அத்தகைய சூழலிலும் தம் முறையினாலேயே நோயாளர் பிழைத்தனர் என எழுதினார். வைத்தியசாலை நிர்வாகிகள் இதனை மறுத்தனர். காற்றோட்டம், துப்புரவு, உணவு, தாதியர் பணி ஆகியவற்றில் ஏற்பட்ட மேம்பாடே முன்னேற்றத்துக்குக் காரணமென்பது அவர்தம் வாதம். பேமிங்காமைச் சேர்ந்த லோசன் ரெயிற் என்னும் சத்திரவைத்தியரோ கிருமிக் கொள்கையையே ஏற்காது, சவர்க்காரத்தையும் நீரையும் நம்பிச் சிறந்த பெறுபேறுகளைப் பெற்றார்.

இவ்விவாதத்தில் இரு சாராரும் உண்மையின் ஒவ்வொரு பகுதியைக் கொண்டிருந்தனர். லிஸ்ரர் காரணத்தை அறிந்திருந்தார். துப்புரவாளரின் பணியை அவர் போதியளவு மதிக்கவில்லை. மறுசாரார் பணியை அறிந்திருந்தனர். அப்பணி ஏன் பயன் தருகின்றது என்பதை அறிந்திலர். இவையிரண்டும் இணைந்தது 1880களிலாகும். றொபேட் கொக் 1881இல் பல தொற்றுநீக்கிகளை ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டு, காபோலிக் அமிலம் வித்திகளை அழிக்க வல்லதன்று என எடுத்துக்காட்டினார். ஜேர்மனியில் நீராவியாற் கருவிகளையும் துணிகளையும் கிருமியழிக்கும் முறை உருவாயிற்று. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இறப்பர்க் கையுறை சத்திரசிகிச்சைக்கு வந்த வரலாறும் நோக்கற்பாலது. இரசக் குளோரைட்டுக் கரைசலால் தோல் புண்ணாகி அவதியுற்ற கரொலைன் ஹம்ப்ரன் என்னும் தாதியின் கைகளைக் காப்பதற்காகவே, 1889-90 காலப்பகுதியில் வில்லியம் ஹால்ஸ்ரெட் அவற்றைச் செய்வித்தார். உழைப்பவரைக் காக்கப் பிறந்த சாதனம் பின்னர் நோயாளரையும் காத்தது.

6. நுண்ணுயிர்கொல்லிகளும் மறதியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானிய வைத்தியசாலைகளில் விடுதித் துப்புரவு தாதியர் தலைவியின் நேரடி அதிகாரத்தின் கீழ் இருந்தது. பயிற்சித் தாதியர் கட்டிலையும் அலுமாரியையும் துடைத்தனர். விடுதிக்கென அமர்த்தப்பட்ட பெண் தொழிலாளர் தரையைக் கழுவினர். இவ்வமைப்பிற் கடுமையான அதிகாரப் படிநிலை இருந்ததென்பதை மறுப்பதற்கில்லை. எனினும் துப்புரவு என்பது நோயாளர் பராமரிப்பின் ஒரு பகுதி என்ற உணர்வு அங்கு நிலவிற்று. துப்புரவுத் தொழிலாளி அவ்விடுதியைச் சேர்ந்தவராகவே கொள்ளப்பட்டார்.

1940களிற் பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்தபோது இவ்வுணர்வு தளரத் தொடங்கியது. தொற்று ஏற்பட்டால் மருந்து உண்டு என்ற நம்பிக்கை தடுப்பின் அவசரத்தைக் குறைத்தது. எச்சரிக்கைகள் இல்லாமலில்லை. இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் மேரி பாபர் ஆராய்ந்த ஸ்ரபைலோகொக்கசுப் பற்றீரியாக்களில் 1948ஆம் ஆண்டளவிலேயே பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு எதிர்ப்புடையனவாகிவிட்டன. இதற்கு மாற்றாக வந்த மெதிசிலினுக்கும் எதிர்ப்புடைய வகை, அம்மருந்து அறிமுகமாகிச் சிறிது காலத்துக்குள்ளேயே, 1961இல் பற்றீசியா ஜெவன்சினால் அறிவிக்கப்பட்டது.

அதேவேளை, விடுதியின் தரையும் சுவரும் தொற்றுப் பரவலிற் பெரும்பங்கு வகிப்பதில்லை என்ற கருத்து ஆய்வுலகில் வலுப்பெற்றது. இதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. தொற்றுநீக்கி இட்டுக் கழுவிய தரை சில மணித்தியாலங்களில் முன்னைய நிலைக்கே திரும்பியமை 1960களில் எடுத்துக்காட்டப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக வைத்தியசாலை பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாறியபோதும் தொற்று வீதம் குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லையென 1982இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. இவ்வாய்வுகள் நேர்மையானவை. தேவையற்ற இடங்களிலெல்லாம் தொற்றுநீக்கியைக் கொட்டும் வழக்கத்தை அவை கட்டுப்படுத்தின. ஆயின், தரைக்குத் தொற்றுநீக்கி தேவையில்லை என்ற முடிவிலிருந்து, துப்புரவே முக்கியமானதன்று என்ற எண்ணத்துக்குச் செல்வது எளிதாயிற்று. நோயாளரும் தாதியரும் நாளெல்லாம் தொடும் கட்டிற் சட்டம், மேசை, அழைப்புமணி, கதவுப்பிடி ஆகியவை தரையிலிருந்து வேறுபட்டவை என்பது போதியளவு ஆராயப்படவில்லை. சிக்கனத்தை நாடிய நிர்வாகிகளுக்கு இவ்வெண்ணம் வசதியானதாக அமைந்தது.

7. கேள்விப்பத்திரக் காலம்

1983ஆம் ஆண்டு செப்டெம்பரில், மாகிரட் தட்சரின் அரசாங்கம் வைத்தியசாலைகளின் துப்புரவு, சலவை, உணவு ஆகிய சேவைகளைக் கேள்விப்பத்திரம் கோரி வழங்குமாறு சுகாதார அதிகாரசபைகளைப் பணித்தது. குறைந்த விலை கூறியவர் ஒப்பந்தத்தைப் பெறலாயினர். துப்புரவுச் சேவையின் செலவிற் பெரும்பகுதி கூலியே ஆதலால், விலையைக் குறைப்பதென்பது ஆட்களையும், வேலை மணித்தியாலங்களையும், ஊதியத்தையும் குறைப்பதாகவே முடிந்தது. சேவை வைத்தியசாலையின் கைவசம் எஞ்சிய இடங்களிலும் போட்டியிற் பிழைப்பதற்காக இதே குறைப்புகள் நிகழ்ந்தன. 1984இல் இலண்டனின் கிழக்கே பார்க்கிங் வைத்தியசாலையின் பெண் துப்புரவுத் தொழிலாளர், தம் வேலை நேரமும் ஊதியமும் வெட்டப்பட்டமையை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலியோடு நோயாளரின் பாதுகாப்பும் வெட்டப்படுகின்றது என்ற தொழிலாளர் தரப்பு வாதம், கூலி உயர்வுக்கான சாக்காகவே பலராற் கொள்ளப்பட்டது. இரு தசாப்தங்களில் துப்புரவுத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழப் பாதியாகிவிட்டதெனத் தொழிற்சங்கம் பின்னர் சுட்டிக்காட்டிற்று.

இம்மாற்றத்தின் விளைவு ஆட்குறைப்போடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளி விடுதித் தலைமைத் தாதியின் பணிப்புக்கு உட்பட்டவரல்லர். அவர் செய்யவேண்டியவை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட்டவை மாத்திரமே. கட்டிலின் ஒரு பகுதி தாதியின் பொறுப்பு, மற்றொரு பகுதி ஒப்பந்தக்காரரின் பொறுப்பு, இடையிலுள்ளது எவர் பொறுப்புமன்று என்ற நிலை தோன்றிற்று. மருத்துவக் கருவிகளின் பிடிகளும் கட்டிற் சட்டங்களும் இவ்விடைவெளியிலேயே வீழ்ந்தன.

1990களிலிருந்து மெதிசிலின் எதிர்ப்புடைய பற்றீரியா பிரித்தானிய வைத்தியசாலைகளில் வேகமாகப் பரவிற்று. இங்கிலாந்தில் 2003-04 ஆண்டுக் காலத்தில் அதனாலான இரத்தத் தொற்றுகள் 7,700 அறிவிக்கப்பட்டன. ஸ்ரோக் மன்டவில் வைத்தியசாலையில் 2003க்கும் 2005க்கும் இடையில் குளொஸ்திரிடியம் டிபிசில் என்னும் குடற்றொற்றினாற் குறைந்தது 33 பேர் இறந்ததாக 2006ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ விசாரணை கண்டது. இப்பற்றீரியாவின் வித்திகளை மதுசாரக் கைத்தேய்ப்பு அழிப்பதில்லை. சவர்க்காரமிட்டு நீரிற் கழுவுதலும், பரப்புகளைத் துப்புரவாக்கியபின் குளோரீன் கரைசலால் துடைத்தலுமே பயன் தருவன. லபராக்கும் செமல்வைசும் பயன்படுத்திய பொருளிடமே இருபத்தோராம் நூற்றாண்டின் வைத்தியசாலையும் திரும்பவேண்டியிருந்தது.

இத்தொற்றுகள் அனைத்துக்கும் கேள்விப்பத்திரமே காரணம் எனக் கூறுதல் வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். நுண்ணுயிர்கொல்லிகளின் மிகைப் பயன்பாடு, கட்டில்களின் நெருக்கம், தாதியர் பற்றாக்குறை ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. இரத்தத் தொற்றுகள் 2008-09இல் மூவாயிரத்திலும் குறைந்தமைக்குக் கைச்சுத்தம், ஊசிக்குழாய்ப் பராமரிப்பு, நோயாளரை முன்கூட்டியே பரிசோதித்தல் எனப் பல நடவடிக்கைகள் ஒருங்கே உதவின. ஆயினும் துப்புரவின் தனிப்பங்கினை அளந்து காட்டிய ஆய்வுகளும் இக்காலத்தில் வெளிவந்தன. எதிர்ப்புடைய பற்றீரியாவைக் கொண்டிருந்த நோயாளரொருவர் தங்கிய அறையில் அடுத்து அனுமதிக்கப்படுபவருக்கு அத்தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு அதிகரிப்பதை அமெரிக்க ஆய்வொன்று 2006இல் எடுத்துக்காட்டிற்று.

ஸ்ரெபனி டான்சரும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் எமது பொருளுக்கு மிக முக்கியமானது. பிரித்தானிய வைத்தியசாலையொன்றின் இரு விடுதிகளுக்கு மேலதிகமாக ஒரேயொரு துப்புரவுத் தொழிலாளி, முறைக்கு ஆறு மாதங்கள் வீதம், வாரத்தில் ஐந்து நாள்கள் அமர்த்தப்பட்டார். கைகள் அடிக்கடி தொடும் பரப்புகளை அவர் துப்புரவு செய்தார். அப்பரப்புகளின் நுண்ணுயிர் மாசு நூற்றுக்கு 32.5 பங்கும், புதிதாக ஏற்பட்ட மெதிசிலின் எதிர்ப்புத் தொற்றுகள் நூற்றுக்கு 26.6 பங்கும் குறைந்தன. வைத்தியசாலைக்கு 30,000 முதல் 70,000 பவுண் வரையில் மிச்சமாகியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு முன் வேலைநிறுத்தக்காரர் வீதியில் நின்று கூறியதனையே இவ்வாய்வு எண்களிற் கூறிற்று. இதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 2008இல், வைத்தியசாலைத் துப்புரவைத் தனியாருக்கு வழங்கும் புதிய ஒப்பந்தங்களை நிறுத்துவதாக ஸ்கொத்லாந்து அரசாங்கம் அறிவித்திருந்தது.

8. எமது சூழலும் முடிவுரையும்

இதுகாறும் கூறியவை பிரித்தானியாவின் வரலாறே; எனினும் அது எழுப்பும் வினா எமக்கும் உரியது. ஐரோப்பாவில் வர்க்கமும் பாலும் துப்புரவு உழைப்பைத் தாழ்த்தின. எமது சமூகத்தில் இவற்றோடு சாதியும் சேர்ந்துகொண்டது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் துப்புரவுப் பணிக்கெனத் தமிழகத்திலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டு, தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கிவைக்கப்பட்டனர். அழுக்கை அகற்றுபவனையே அழுக்கானவனாகக் கருதும் கருத்துநிலை இவ்வாறு நிர்வாக அமைப்பினாலும் பேணப்பட்டது. தீட்டு என்னும் எண்ணமும் தொற்று என்னும் விஞ்ஞானக் கருத்தும் ஒன்றல்ல. தீட்டு மனிதரைப் பிறப்பினால் விலக்குகின்றது. தொற்றோ பேராசிரியரின் கையையும் கூலியாளின் கையையும் ஒரே முறையிற் பற்றுகின்றது. வியன்னாவில் மரணத்தைக் காவியவை கல்வியிற் சிறந்தோரின் கைகளே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் இவ்விடயத்தில் மேலும் ஒரு பாடத்தைத் தந்தது. பல நாடுகளில் வீதிகளிலும் சந்தைகளிலும் தொற்றுநீக்கி மருந்து விசிறப்பட்டது. திறந்த வெளிகளில் இவ்வாறு விசிறுவது பயனற்றதென உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மே மாதத்திலேயே அறிவுறுத்திற்று. அந்நோய் பெரிதும் காற்றின் வழியே பரவுவதென்பது பின்னர் உறுதியாயிற்று. புகைபோல எழும் மருந்து மக்களின் கண்ணுக்குத் தெரிகின்றது. கட்டிற் சட்டத்தை நாள்தோறும் ஈரத்துணியாற் துடைக்கும் கை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. காட்சிக்குரிய தொற்றுநீக்கலுக்குப் பணம் ஒதுக்கப்படுவதும் அன்றாடத் துப்புரவுக்கு ஒதுக்கப்படாமையும் இதனாலேயே நிகழ்கின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, வைத்தியசாலைத் தொற்றுத்தடுப்பின் வரலாறு சில முடிவுகளுக்கு எம்மை இட்டுச்செல்கின்றது. துப்புரவு மருத்துவப் பராமரிப்பின் உள்ளுறுப்பாகும். விலை குறைத்து வாங்கத்தக்க புறச்சேவையாக அதனைக் கொள்ளுதல் தவறானது. எனவே துப்புரவுத் தொழிலாளர் அவ்வவ் விடுதியின் நிரந்தர ஊழியராக அமைதல் வேண்டும். எந்தப் பரப்பு எதனால் தொற்றுறுகின்றது, எக்கரைசலை எவ்வளவு நேரம் விடவேண்டும், எதனை முன்னும் எதனைப் பின்னும் துடைக்கவேண்டும் ஆகிய அறிவு அவர்களுக்கும் உரியதாதல் வேண்டும். அவர்களுடைய உடல்நலமும் கையுறையும் ஊதியமும் நோயாளரின் பாதுகாப்போடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்தவை. சிற்றூழியர் என நாம் வழங்கும் சொல்லில் அடங்கியுள்ள சிறுமை, அவர்கள் ஆற்றும் தொழிலுக்கு உரியதன்று. தொற்றுத்தடுப்பு பற்றி எமது பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் கூடி ஆராயும் வேளைகளில் அவர்களுக்கும் ஓர் இருக்கை இடப்படுமாயின், இவ்வரலாற்றிலிருந்து நாம் சிறிதேனும் கற்றுள்ளோம் எனக் கொள்ளலாம்.